ஒரு சைக்கிள் மட்டும் போகும் கரை

சைதாப்பேட்டைப் பாலத்தைத் தாண்டி இடப்பக்கச் சரிவில் இறங்கினால், எழுபதுகளின் தொடக்கத்தில், அடையாற்றின் தென்கரையை ஒட்டி ஒரு மண்பாதை காந்தி நகர் வரைக்கும் போகும். யாரும் போட்ட பாதை அல்ல. மிதிபட்டே உண்டானது. முதலில் எருமைகள் மிதித்திருக்கும். பிறகு சலவைக்காரர்கள். அதற்கும் பிறகு, வீடு ஒரு பக்கமும் வேலை இன்னொரு பக்கமுமாக வாய்த்துவிட்ட எங்களைப் போன்றவர்களின் சைக்கிள் சக்கரங்கள். ஒரு பக்கம் வேலிகாத்தான் புதர், மறுபக்கம் சோம்பேறியாகக் கிடக்கும் பச்சைத் தண்ணீர். நடுவில் நாங்கள்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மேற்கு மாம்பலத்தில் ஒரு போர்ஷனில் ஆறு பேர் இருந்தோம். ஒன்றரை அறை. இரவில் பாய் விரித்தால் கதவைத் திறக்க முடியாது. கதவைத் திறக்க வேண்டுமென்றால் யாராவது எழுந்து பாயைச் சுருட்ட வேண்டும். அப்பா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலைகளை விரித்துக் காட்டி, மடித்து, மறுபடி விரித்துக் காட்டுகிறவர். வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது, கிடைத்த துண்டையெல்லாம் மடித்துக்கொண்டே இருப்பார். என்னையும் அப்படித்தான் மடித்து வைக்கப் பார்த்தார் என்று அந்த வயதில் கோபமாக நினைத்திருக்கிறேன். இப்போது அவருடைய வயதுக்கு வந்தபிறகு அவ்வளவு கோபம் இல்லை. ஆனால் அப்போது இருந்தது என்பதை மறைக்க முடியாது.

ராஜபாளையம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பஞ்சு வியாபாரம். அந்த வீட்டு அம்மா என் கைவிரல்களைத் தூக்கிப் பார்த்து, டைப் அடிக்கிற விரலா இது, இனிமேல் அதெல்லாம் வேண்டியிருக்காது என்று அன்போடுதான் சொன்னாள். அன்போடு சொன்னதால்தான் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை. அவர்கள் போனபின் நான் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் அப்பா ஒரு வழி சொன்னார். அடையாறு ஆபீசில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். ஆறு மாதம் முடிந்ததும் வேலை நிரந்தரம் என்று ஒரு காகிதம் வந்துவிட்டால், அவர்களிடம் இரண்டு வருடம் பொறுக்கச் சொல்வார். வராவிட்டால் தை பிறந்ததும் முகூர்த்தம். அதற்குமேல் பேச்சில்லை.

ஆறு மாதத்தில் நான்கு மாதம் அப்போதே கழிந்திருந்தது.

எங்கள் ஆபீசில் வருகைப் பதிவேடு சூப்பரிண்டெண்டின் மேசைமேல் விரிந்திருக்கும். காலை ஒன்பதரைக்கு அவர் சிவப்புப் பென்சிலை எடுப்பார். ஸ்கேல் வைத்து, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர்கள் தாமதக்காரர்கள். நிரந்தர ஊழியர்களுக்கு அது வெறும் கோடு. தற்காலிகமானவர்களுக்கு மூன்று கோடு விழுந்தால் கோப்பு மேலே போகாது. இது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை, எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் இருந்த டைப்பிஸ்ட் மூன்று கோட்டில் போனவள். அவளுடைய மெஷினில்தான் நான் அடித்துக்கொண்டிருந்தேன். அதில் ‘ந’ மட்டும் ஒரு மயிரிழை கீழே இறங்கி விழும்.

எனக்கு இரண்டு கோடு விழுந்திருந்தது.

வீட்டில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிப்பது மூத்தவளான என் வேலை. குழாய் நிற்க ஏழரை ஆகும், குளித்துக் கிளம்ப எட்டேகால் ஆகும். பஸ்ஸில் போனால் சைதாப்பேட்டையில் இறங்கி மாற வேண்டும், அந்த இரண்டாவது பஸ் வந்தால் வரும். சாலை வழியாக சைக்கிளில் சுற்றிப் போனால் அரைமணி கூடுதல். ஆகவே கரை. கரையைவிட்டால் எனக்கு வேறு வழியே கிடையாது என்பதை நான் வருத்தமாகச் சொல்லவில்லை. அந்தப் பாதையில் இருக்கிற இருபது நிமிடம்தான் ஒரு நாளில் என்னை யாரும் பார்க்காத நேரம். ஒரு மீன்கொத்தி, ஒரு செத்த நாய், துவைக்கும் கல்லில் துணி விழும் சத்தம், அது ஒரு நொடி கழித்து எதிர்க்கரையிலிருந்து திரும்பி வருவது. தாவணியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு மிதிப்பேன். மூச்சு வாங்கும்போது அது என் மூச்சு என்று தெரியும்.

ஆனால் அந்தக் கரையிலும் ஒரு கழுத்து இருந்தது. கோட்டூருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய பங்களாவின் பின்பக்க மதில், மேலே கண்ணாடிச் சில்லு பதித்தது, கரையோடு ஒட்டி ஒரு ஃபர்லாங் தூரம் ஓடும். முன்பு அங்கே இரண்டு சைக்கிள் ஒன்றையொன்று தாண்டிப் போகலாமாம். மழைக்கு மழை ஆறு கரையைத் தின்றுகொண்டே வந்து, நான் போன காலத்தில் ஒரு ஹேண்டில்பாரும் அதன்மேல் ஒரு சாணும்தான் மிச்சம். வலப்பக்கம் மதில். இடப்பக்கம் ஒன்றரை ஆள் பள்ளம், கீழே சேறு, சேற்றைத் தாண்டி தண்ணீர். நடுவில் ஒரு வளைவு வேறு. எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாது. இரண்டு பேர் நடுவில் சந்தித்துவிட்டால் யாராவது ஒருவர் முழுத்தூரமும் பின்னால் உருட்டிக்கொண்டு போக வேண்டும். திருப்பக்கூட இடமில்லை. அந்த மதிலோரம் எத்தனை சண்டை நடந்திருக்கிறது, எத்தனை அப்பன் பாட்டன் பேர் இழுபட்டிருக்கிறது என்று கணக்கே இல்லை.

அதற்கு ஒரு ஒழுங்கு கொண்டுவந்தவர் மாம்பலம் ஸ்டேஷனில் சிக்னல் கேபின் வேலை பார்த்த ஒரு பாய். ராத்திரி டியூட்டி முடித்துவிட்டுக் கோட்டூரில் இருந்த வீட்டுக்கு எங்களோடுதான் வருவார். கறுப்புக் கோட்டும், தூக்கமில்லாத சிவந்த கண்ணும், யாரையும் அதட்டாத குரலும். தெற்கே எங்கோ ஒற்றைத் தண்டவாளப் பாதையில் வேலை பார்த்தவர். அங்கே டிரைவர் கையில் டோக்கன் இருந்தால்தான் வண்டி அந்தப் பகுதிக்குள் நுழையலாம், டோக்கன் ஒன்றே ஒன்றுதான், ஆகவே எதிரே வண்டி வரவே முடியாது என்று விளக்கினார். மறுநாள் ஒரு பழைய சைக்கிள் பம்பின் குழாயைச் சிவப்புப் பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்தார். மதிலின் இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஆணி. பம்பு இந்த ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், அந்த முனையில் மாட்டிவிட வேண்டும். கும்பலாகப் போனால் கடைசி ஆள் எடுத்து வர வேண்டும். ஆணியில் பம்பு இல்லையென்றால் நிற்க வேண்டும். பம்பு இல்லாமல் நுழைந்தால் ஒரு வாரத்துக்கு அந்த ஆள் இந்தப் பாதைக்கே வரக் கூடாது.

இந்த விதிகளை எல்லாம் தமிழில் டைப் அடித்து, கார்பன் வைத்து இரண்டு பிரதி எடுத்து, இரண்டு முனையிலும் ஒட்டியது நான். ஒவ்வொரு ‘ந’வும் ஒரு மயிரிழை கீழே.

பாதையை நாங்களே பார்த்துக்கொள்ளவும் செய்தோம். ஒவ்வொருவரும் தினம் ஓர் அரைச்செங்கல் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பேச்சு. என் கேரியரில் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் செய்தித்தாளில் சுற்றிய அரைச்செங்கல் இருக்கும். அம்மா ஒருநாள் அவிழ்த்துப் பார்த்துவிட்டு, அடையாறில் வீடு கட்டுகிறாயா என்று கேட்டாள். கரை அரித்த இடத்தில் அவற்றைக் கொட்டி மிதித்துவைப்போம். அடுத்த மழையில் போய்விடும். பெரிய வேலைக்கு மனுவும் போட்டோம். ஓர் அலுவலகம் கரை எங்களுடையது, பாதை எங்களுடையதல்ல என்றது. இன்னோர் அலுவலகம் வரைபடத்தை விரித்து, அங்கே பாதையே இல்லையே என்றது. இல்லாத பாதையில் நாங்கள் தினமும் போய் வந்துகொண்டிருந்தோம்.

பம்பு ஏற்பாட்டில் ஒரு கோணல் இருந்தது. பாய் ரயில்வேக்காரர், ரயில் இரண்டு பக்கமும் சமமாக ஓடும் என்று நினைத்துவிட்டார். காலையில் எங்கள் பாதையில் எல்லோரும் ஒரே பக்கம்தான் போவார்கள், கிழக்கே. எட்டு மணிக்கு முதல் கும்பல் பம்பை எடுத்துக்கொண்டு போய்விடும். பம்பு அந்த முனையில் தொங்கும். எட்டரைக்கு மேல் வருகிற நாங்கள் ஏழெட்டுப் பேர் இந்த முனையில் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வந்தால்தான் உண்டு. வருகிறவர் ஒரே ஒருவர், சைதாப்பேட்டைச் சலவைக்காரர் ஒருவர். முதல் கும்பலோடு போய், வெளுத்த துணியைக் காந்தி நகர் வீடுகளில் கொடுத்துவிட்டு, அழுக்குத் துணியை வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு, எட்டே முக்காலுக்குப் பம்போடு திரும்பி வருவார். அவர் வந்த பிறகுதான் எங்களுக்கு உலகம் திறக்கும்.

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. மெலிந்த ஆள். பின்னால் கேரியரில் ஆள் உயரத்துக்கு மூட்டை, முன்னால் ஹேண்டில்பாரில் இரண்டு சின்ன மூட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் மூட்டைகள் தாமாக உருண்டு வருவது போலிருக்கும். வந்ததும் பம்பை ஆணியில் மாட்டிவிட்டு, “வண்டி கிளம்பலாம்” என்பார். பாய் விசில் ஊதுவது போல உதட்டைக் குவிப்பார். எல்லோரும் சிரிப்போம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரிப்பேன்.

என் இரண்டு கோடும் அவர் தாமதித்த நாட்களில் விழுந்தவை. ஒரு நாள் ஏதோ ஒரு வீட்டில் துணி எண்ணும்போது ஒரு தலையணை உறை குறைந்து அவரை நிறுத்தி வைத்துவிட்டார்கள். இன்னொரு நாள் டயர். அவர்மேல் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், மூன்றாவது கோடு அந்த மூட்டைக்குள்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. படுக்கையில், பாய்களுக்கு நடுவில் புரளக்கூட இடமில்லாமல் மல்லாந்து கிடந்து, நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார், நாளைக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி மனசு சுற்றும்.

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. தற்காலிகக் காலம் முடிய பதினோரு நாள். மழைக்குப் பயந்து மற்றவர்கள் பஸ்ஸில் போய்விட்டார்கள் போல, மதில் முனையில் நான் ஒருத்திதான். பாய்க்கு அன்று வார விடுமுறை. ஆணி வெறுமையாக இருந்தது. எட்டு ஐம்பது. எட்டு ஐம்பத்தைந்து. ஒன்பது. மதிலில் நான் ஒட்டிய காகிதம் நனைந்து எழுத்து வழிந்திருந்தது. ஒன்பது ஐந்துக்கு மேல் ஒரு நிமிடம் தாமதித்தாலும் எனக்குக் கோடு.

ஒன்பது ஆறுக்கு நான் நுழைந்தேன்.

மழையில் அவர் வரவே மாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனேன். வலது முழங்கை மதிலில் உரசியது. இடது பெடல் ஒவ்வொரு முறை கீழே போகும்போதும் கீழே ஒன்றும் இல்லை. வளைவில் திரும்பினேன். மூட்டை நின்றுகொண்டிருந்தது.

அவர்தான். ஹேண்டில்பாரில் பம்பு தொங்கியது. இரண்டு பேரும் இறங்கினோம். முன்சக்கரங்கள் இரண்டும் முட்டிக்கொள்ள ஓர் அடி இருந்தது.

“இன்னாம்மா, பம்பு என் கைல கீது. நீ எப்டி உள்ள வந்தே?”

நேரமாகிவிட்டது என்றேன். நீங்கள் மதிலோரமாக ஒட்டி நில்லுங்கள், நான் அந்தப் பக்கமாகப் போய்விடுகிறேன் என்றேன்.

“அந்தப் பக்கம் எங்க கீது? ஆறுதான் கீது.”

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த வழியே பின்னால் உருட்டிக்கொண்டு போ, நான் வெளியே வந்ததும் நீ பூந்துக்கோ என்று நிதானமாக வழி சொன்னார். அவர் சொன்னது நியாயம். நான் எழுதிய நியாயம். அவரால் அந்தச் சுமையோடு ஓர் அடிகூடப் பின்னால் போக முடியாது. என்னால் முடியும். போனால் ஒன்பதரை தாண்டிவிடும். ராஜபாளையத்து அம்மா என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

“முடியாதுண்ணே,” என்றேன். “இன்னிக்கு மட்டும்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, சைக்கிளை மதிலோடு அணைத்து, தானும் அதோடு ஒட்டிக்கொண்டு, மூட்டையை ஒரு தோளால் தாங்கி உள்ளே இழுத்துப் பிடித்தார். அவர் கன்னம் செங்கல்லில் பதிந்திருந்தது. நான் சைக்கிளை இடக்கையால் தள்ளிக்கொண்டு விளிம்பில் கால் வைத்தேன். முன்சக்கரம் தாண்டியது. நான் பாதி தாண்டினேன். பின்சக்கரத்தின் கீழே இருந்த மண், எங்கள் அரைச்செங்கற்களோடு, ஒரு பெருமூச்சு மாதிரி சரிந்தது.

நான் பிடித்தது மூட்டையை. வேறு பிடிக்க ஒன்றும் இல்லை. என் முழுப் பாரமும் அந்த முடிச்சில் தொங்கியது. அவர் ஒரு கையால் என் தோளைப் பற்றி மதில் பக்கம் இழுத்தார். மூட்டையைப் பிடித்திருந்த கை அதற்காகத்தான் விட்டது. மூட்டை மெதுவாகச் சாய்ந்தது. கேரியரிலிருந்து கழன்று, பள்ளத்தில் இரண்டு முறை புரண்டு, சேற்றில் நிற்காமல் தண்ணீருக்குப் போனது. ஆறு அன்று மழைத்தண்ணீரோடு ஓடிக்கொண்டிருந்தது. முடிச்சு அவிழ்ந்து ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பு ஆற்றின்மேல் முழுசாக விரிந்தது. அப்பா கடையில் விரிப்பாரே, அப்படி.

என் சைக்கிள் என் கையில்தான் இருந்தது. அவர் முதலில் கேட்டது, “அடி கிடி பட்ச்சா?”

இல்லை என்று தலையாட்டினேன். தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். செருப்பைக் கழற்றி விட்டு, சைக்கிளை மதிலில் சாய்த்தபடியே விட்டுவிட்டு, பள்ளத்தில் இறங்க ஆரம்பித்தார். பாதி இறங்கினவர் நின்று அண்ணாந்தார்.

“நீ போ. யாராண்டயும் சொல்லிக்காத. தெர்ஞ்சா உங்க வூட்ல அனுப்ப மாட்டாங்க.”

நான் போனேன். அதுவரை மிதிக்காத வேகத்தில் மிதித்து, ஒன்பது இருபத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். சூப்பரிண்டெண்ட் சிவப்புப் பென்சிலை எடுத்து என் பெயருக்குக் கீழே கோடு கிழித்தார். அன்று கடைசிக் கையெழுத்து என்னுடையது.

சாயங்காலம் மதில் முனையில் கூட்டம். பாய் விடுமுறையிலும் வந்திருந்தார். நடுவில் ஒரு கஜ தூரத்துக்குப் பாதை பாதியாகிவிட்டது. சைக்கிளை மதிலோடு அணைத்து நடத்திக்கொண்டு போகலாம், சுமையோடு யாரும் போக முடியாது. சலவைக்காரர் ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். பாதித் துணியைப் பிடித்துவிட்டாராம். மீதி போய்விட்டது. துணி போன வீட்டு அம்மா இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். எப்படி ஆயிற்று என்று எல்லோரும் கேட்க, “கரை வுழுந்துச்சு” என்றார். என்னைப் பார்க்கவே இல்லை. நான் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பாய் என் பக்கம் திரும்பினார். இதுதான் சமயம், மனு எழுதணும் என்றார்.

“கேபின்ல நானும் பத்து வருஷமா எழுதிப் பார்க்கிறேன், தங்கச்சி. கூரை ஒழுகுதுன்னு எழுதினா எவனும் வரமாட்டான். கூரை விழுந்துச்சுன்னு எழுது, ஜீப்பு வரும்.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் டைப் அடித்தேன். பாதையின் நிலை, அகலம், உபயோகிப்பவர்கள் எல்லாம் தடையில்லாமல் வந்தது. விபத்தின் காரணம் என்ற இடத்தில் விரல் நின்றது. உள்ளதை எழுதினால் பம்பு இல்லாமல் நுழைந்தவள் யார் என்று வரும். ஒரு வாரம் பாதை கிடையாது. ஒரு வாரத்தில் எத்தனை கோடு. பத்து நாள்தான் மிச்சம். காரணம் எழுதாமலும் விடலாம். விட்டால் பாய் கேட்பார். ஜன்னலுக்கு வெளியே மழை. நாலு பக்கமும் சுவர், நடுவில் மெஷின். கடைசியில் ஒரு வரி அடித்தேன். அளவுக்கு மீறிய பாரம் ஏற்றிய சைக்கிள் ஒன்று சென்றபோது கரை சரிந்தது. அதில் எந்தச் சொல்லையும் பொய் என்று தனியாகச் சுட்டிக்காட்ட முடியாது. அதைத்தான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை வருடம் எழுதிப் பழகியபின் எனக்குத் தெரிகிறது, அவ்வளவு கைதேர்ந்த ஒரு வரியை நான் பிறகு எழுதவே இல்லை.

சாயங்காலம் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பாதிக்கப்பட்டவர் சலவைக்காரர்தான், அவர் பேர் முதலில் இருக்க வேண்டும் என்று பாய் சொல்லிவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆபீசிலிருந்து மை பேடை நான்தான் எடுத்து வந்திருந்தேன். அவர் இடக்கைக் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். துவைத்துத் துவைத்து ரேகை தேய்ந்த விரல். முதல் முறை சரியாகப் பதியவில்லை. நான் அந்த விரலைப் பிடித்து, இரண்டாம் முறை நன்றாக அழுத்தினேன்.

“இதுல இன்னா எழுதிகீறே?” என்று கேட்டார்.

“பாதையைச் சரி பண்ணச் சொல்லி எழுதியிருக்குண்ணே.”

அதுவும் உண்மைதான்.

அதற்குப் பிறகு எனக்குத் தாமதமே ஆகவில்லை. சுமையோடு வர முடியாததால் அவர் காலையில் அந்தப் பக்கம் வருவது நின்றது. எதிரே வருகிறவர் இல்லாததால் பம்பும் தேவையில்லாமல் போயிற்று. காலையில் எல்லோரும் கிழக்கே, மாலையில் எல்லோரும் மேற்கே என்று பாய் மாற்றிச் சொல்லிவிட்டார். எவ்வளவு சுலபம். நாங்கள் ஏழெட்டுப் பேரும் மதிலோரம் நிற்காமல் நேரே போனோம். என் கையெழுத்து தினமும் பக்கத்தின் மேல்பாதியில் விழுந்தது. மார்கழி முதல் வாரத்தில் நிரந்தரக் காகிதம் வந்தது. அப்பா அதை இரண்டு முறை படித்து, நான்காக மடித்து, பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தார். ராஜபாளையத்துக்குக் கடிதம் போயிற்று. அம்மா சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். எனக்கு முந்திரி முந்திரியாகப் பொறுக்கிப் போட்டாள். விழுங்கினேன்.

சாலைவழியில் சலவைக்காரரை இரண்டு முறை பார்த்தேன். பாலத்தின் மேல் லாரிகளுக்கு நடுவில், மூட்டையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். இரண்டு முறையும் நான் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்தேன்.

பாய் சொன்னது போலவே ஜீப்பு வந்தது. தை மாதம் அளந்தார்கள். மாசியில் கருங்கல் வந்து இறங்கியது. பங்குனிக்குள் கரை கட்டி, கப்பி போட்டு, உருளை ஓட்டி, ஆற்றுப் பக்கம் இடுப்பளவுக்கு இரும்புக் கம்பி வைத்து, கம்பிக்குச் சிவப்பு வெள்ளைப் பெயிண்டும் அடித்துவிட்டார்கள். இப்போது இரண்டு சைக்கிள் தாராளமாகத் தாண்டலாம். இரண்டு முனையிலும் ஒவ்வொரு பலகை. நாங்கள் கேட்டதைவிட அதிகமாகவே செய்திருந்தார்கள். பாய் புதுக் கம்பியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார். மனு எழுதின கையை எல்லோரும் பாராட்டினார்கள்.

திறந்துவிட்ட முதல் திங்கட்கிழமை காலை நான் சரிவில் இறங்கி மதில் முனைக்கு வந்தபோது, பலகைக்கு முன்னால் சலவைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கிழக்கே போகிற நேரம். கேரியரில் வெளுத்த துணி, கஞ்சி போட்டு மடித்த மடிப்பு கலையாமல். எனக்கு முன்னால் போன கும்பல் மதிலோரம் வளைந்து மறைந்துவிட்டது. திரும்பிப் போக வழியில்லை, அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது.

“நல்ல வேள வந்தே. இன்னாம்மா எழுதிகீறாங்க இதுல?”

படித்தேன். பலகையில் இருந்ததைப் பேச்சுத் தமிழில் சொன்னேன். பாரம் ஏத்தின சைக்கிள் இந்தப் பாதையில போகக் கூடாதாம்.

“பாரம்னா? மூட்டையா?”

“மூட்டைதாண்ணே.”

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாதவர் எழுத்தைப் பார்ப்பதில் ஒரு மரியாதை இருக்கும். அது அப்போதும் போகவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

“நாம எழுதிக் குட்த்ததுக்கு வந்ததா இது? நானுந்தானே கைநாட்டு வெச்சேன்.”

நான் சொல்லியிருக்கலாம். நிரந்தரக் காகிதம் பெட்டியில் இருந்தது, இனி எந்தக் கோடும் என்னை ஒன்றும் செய்யாது. பாய் அந்த முனையில் நின்றுகொண்டிருந்திருப்பார். இன்னொரு மனு எழுதியிருக்கலாம், இது தவறு, நடந்தது வேறு என்று. வாய் திறந்தேன். வந்தது, “அவங்க அப்டிப் போட்டுட்டாங்கண்ணே,” என்பதுதான்.

அவர் தலையை ஆட்டினார். சைக்கிளைத் திருப்ப இப்போது இடம் இருந்தது. மூட்டை சாயாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, அரைவட்டமாகச் சுற்றி, சாலைக்கு ஏறுகிற சரிவைப் பார்த்து நிறுத்தினார்.

“செரி, நீ போம்மா. உனுக்கு டைமாவுது.”

ஏறி மிதித்தேன். வலப்பக்கம் மதில், இடப்பக்கம் புதுக் கம்பி. பெயிண்ட் வாசனை. கம்பிகள் ஒவ்வொன்றாக என்னைத் தாண்டிப் பின்னால் போயின, தண்ணீர் அவற்றுக்கு நடுவில் துண்டு துண்டாகத் தெரிந்தது. விழுவதற்கு எங்கேயும் இடமில்லை.